செல்லப் பேர்

தம்பி, நீர் போனில தமிழ் கதைச்சதைக் கேட்டுத்தான் இதில வந்து இருந்தனான். குறை நினையாதையும். நகரசபை மண்டபத்தடி வரேக்க எனக்கு ஒருக்காச் சொல்லுவீரே? இடம் தெரியாமல் இல்லை. இந்த பஸ்ஸில ஏறி இறங்கியே கிழடாப் போன ஆள் நான். ஆனா இண்டைக்கு என்ர மண்டை மண்டையா இல்லை. இறங்கிற இடத்தைத் தவற விட்டிட்டன் எண்டால் என்ர கதை முடிஞ்சுது.

அங்க விழா. ஓம், உந்தக் கறுப்பினத்தவரின்ர வரலாற்று மாசம். ஒக்ரோபர் முழுக்க நகரசபை கொண்டாடுறது தெரியும்தானே? லைப்ரரியில பேச்சு, பார்க்கில பாட்டு, மண்டபத்தில படங்கள், சாப்பாடு. லண்டன் முழுக்க நடக்குது. இண்டைக்கு எங்கட பக்கத்தில கடைசி நாள். பள்ளிக்கூடப் பிள்ளையள் ஊர்வலமா வந்து மண்டபத்துக்குள்ள போவினம். அதில என்ர பேத்தியும் வருவாள். ஆரணி. ஏழு வயசு.

எனக்கென்ன அதில வேலை எண்டு பாக்கிறீர். என்ர மருமகன் அந்தாக்கள்தான். மார்லன். பூர்வீகம் ஜமேக்கா, பிறந்தது இஞ்ச. கரண்ட் வேலை. நல்ல பெடியன், பொய் சொல்லக்கூடாது. குடி இல்லை, வெடி இல்லை, என்ர வீட்டு லைட் எல்லாம் அவன் போட்டுத் தந்ததுதான். மகள் பகிடியாச் சொல்லுவாள், "அப்பா, நீங்கள் அவரை விடக் கறுப்பு" எண்டு. விசர்க் கதை. நான் வெய்யிலுக்க நிண்டு கறுத்தனான். அது வேற.

மகள் துஷ்யந்தி. ஒரே பிள்ளை. அவள் என்னை வரக்கூடாதெண்டு சொல்லிப்போட்டாள் தம்பி. விழாவுக்கு மட்டுமில்லை. வீட்டுக்கும் வரக்கூடாது, பள்ளிக்கூட வாசலுக்கும் வரக்கூடாது. பின்னேரத்தில பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வாறது நான்தான். அவள் நடக்கத் தொடங்கின காலந்தொட்டு என்ர சுண்டுவிரலைப் பிடிச்சுக்கொண்டுதான் நடப்பாள். இப்ப பள்ளிக்கூடத்தில சொல்லி வைச்சிருக்கிறாளாம், தாத்தா வந்தால் பிள்ளையைக் குடுக்க வேண்டாமெண்டு. நான் என்ன பிள்ளை பிடிகாரனே?

நான் செய்தது என்ன? ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு. பிள்ளையைச் செல்லமாக் கூப்பிட்ட பேர்.

காப்பிலிக் குஞ்சு.

ஏன் அங்கால இங்கால பாக்கிறீர்? மெல்லமாத்தானே சொன்னனான். இஞ்ச ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது?

நீர் எவடம்? வவுனியாவே? அப்ப உமக்குத் தெரியும்தானே. எங்கட சனம் ஆபிரிக்காக்காரரை, அந்தச் சாதிச் சனம் எல்லாரையும் அப்பிடித்தானே சொல்லுறது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளில இருந்து காப்பிலி எண்டால் காப்பிலிதான். ஒருத்தனுக்குத் தலைமயிர் சுருண்டு கிடந்தால் காப்பிலித் தலையன் எண்டுறேல்லையே? ஆரும் செத்தே போனது?

சரி, முழுசா ஒளிக்காமல் சொல்லுறன். துஷ்யந்தி மார்லனைக் கட்டப்போறன் எண்டு வந்து நிண்டபோது நானும் மனுசியும் கோவத்தில துள்ளிக் குதிச்சனாங்கள்தான். மனுசி சாப்பிடேல்ல. நான் கதைக்கேல்ல. கலியாணத்துக்கும் போகேல்ல. பேந்து அவள் பிள்ளைத்தாச்சி எண்டு கேள்விப்பட்டு, குசினிக்க நிண்டு மனுசிக்குச் சொன்னன், "இனி ஒரு காப்பிலிக் குஞ்சு வந்து உன்ர மடியில இருக்கப் போகுது, ஆயத்தமா இரு" எண்டு. கோவத்தில சொன்னது. ஆர்தான் சொல்லமாட்டினம்?

ஆனா தம்பி, பிள்ளையைக் கொண்டுவந்து என்ர கையில தந்தாள் பாரும். கண் திறந்து என்னைப் பாத்துது. அந்தச் சின்ன விரலால என்ர விரலைப் பிடிச்சுது. எனக்கு வாயில வேற சொல்லு வரேல்ல. "என்ர காப்பிலிக் குஞ்சு" எண்டிட்டன். அதே சொல்லுத்தான். ஆனா அது சீனியாப் போச்சு. மனுசி கண்ணை மூடின பிறகு எனக்கு உலகத்தில இருந்தது அந்தக் குஞ்சு ஒண்டுதான். பள்ளிக்கூடத்தால வரேக்க தூரத்தில நிண்டு "காப்பிலிக் குஞ்சு!" எண்டு ஒரு குரல் குடுத்தால் காணும், எந்தக் கூட்டத்துக்க நிண்டாலும் திரும்பிப் பாத்து ஓடிவருவாள்.

துஷ்யந்திக்கு முன்னால சொல்லுறேல்லைத்தான்.

ஏனெண்டால்… ஏனெண்டு கேக்கிறீர். அவளுக்கு எல்லாத்திலயும் குற்றம். இஞ்ச படிச்ச பிள்ளையளுக்கு மூக்கில கோவம். அதுக்காகத்தான். வேற ஒண்டுமில்லை. சும்மா துருவாதையும்.

இந்தா, பஸ் நிண்டிட்டுது. ஊர்வலத்தால றோட்டை மறிச்சிருப்பாங்கள். கேக்குதே, மேளச் சத்தம்? இன்னும் ரெண்டு தரிப்பு இருக்கு. கடவுளே, கெதியா எடுக்கச் சொல்லும்.

இந்த மாசத் தொடக்கத்தில, அதே மண்டபத்தில, பிள்ளையளுக்கு ஒரு நிகழ்ச்சி வைச்சவை. ஒவ்வொரு பிள்ளையும் மேடையில ஏறித் தன்ர பேரின்ர கதையைச் சொல்ல வேணும். ஒரு பலகையில பேரைப் பெரிசா எழுதிப் பெயின்ற் அடிச்சுக் கொண்டுபோக வேணும். அதை மாசம் முழுக்க வாசலில தூக்கி வைப்பினம். ஆரணி எனக்கிட்ட வந்து, "தாத்தா, நீங்கள் கூப்பிடுற பேரைத் தமிழில எழுதித் தாங்கோ" எண்டாள். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்ல. பென்சிலால பெரிய எழுத்தாக் கீறிக் குடுத்தன். பிள்ளை நாக்கைக் கடிச்சுக்கொண்டு சிவப்பும் பச்சையும் மஞ்சளுமா அடிச்சாள். மார்லன் பாத்திட்டு, "வடிவான எழுத்து மாமா" எண்டான். அவன் என்னை மாமா எண்டுதான் கூப்பிடுறவன். துஷ்யந்திக்கு அந்தக் கிழமை முழுக்க வேலை. அவள் பாத்திருந்தாலும் என்ன, கதைக்கிறாள், தமிழ் வாசிக்கத் தெரியாது.

அண்டைக்கு மண்டபம் நிறைஞ்ச சனம். எல்லாம் அந்தாக்கள்தான். கிழவியள் தொப்பி போட்டுக்கொண்டு, பொம்பிளையள் கலர் கலராத் தலையில துணி கட்டிக்கொண்டு. என்ர பேத்தி மேடையில ஏறினாள். "எனக்கு ரெண்டு பேர். ஆரணி எண்டது அம்மா வைச்சது. மற்றப் பேர் என்ர தாத்தா வைச்சது. அது எங்கட ரெண்டு பேருக்கும் இடையில ரகசியம். இண்டைக்கு உங்களுக்கும் சொல்லுறன்" எண்டு சொல்லிப்போட்டுப் பலகையைத் தூக்கிக் காட்டினாள். காப்பிலிக் குஞ்சு. பிறகு சொல்லுறாள், "எல்லாரும் என்னோட சேர்ந்து சொல்லுங்கோ!"

சொல்லிச்சினம் தம்பி. அவ்வளவு சனமும். காப்பிலிக் குஞ்சு, காப்பிலிக் குஞ்சு எண்டு கை தட்டித் தட்டி. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத சனம், எங்கட சொல்லைச் சொல்லுது. நான் அழுதிட்டன். சந்தோசத்திலதான்.

பின்னுக்கு ஒரு தமிழ்ப் பொம்பிளை நிண்டவ. ஆரெண்டு தெரியாது, நூறு பேருக்க அவ ஒராள்தான் எங்கட ஆள். அவ மட்டும் சொல்லேல்ல. என்னை ஒரு பார்வை பாத்தா, உடன வெளியில போயிட்டா. எங்கட சனத்துக்குத்தான் தம்பி எரிச்சல். ஒருத்தன் நல்லா இருந்தால் பொறுக்காது.

அதுக்குப் பிறகு சாப்பாடு. மேசையில நான் கொண்டுபோன ரோல்ஸ், பக்கத்தில எவ்லின் சுட்ட பற்றிஸ். எவ்லின்தான் மார்லனின்ர தாய், எனக்குச் சம்மந்தி. தாதியா இருந்து பென்சன் எடுத்தவ. என்னை விட ரெண்டு வயசு கூட. ரெண்டு பேரும் தனிக்கட்டை, ரெண்டு பேருக்கும் முழங்கால் வருத்தம், அதால நல்ல ஒட்டு. அண்டைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க அவ தன்ர சின்ன வயசுக் கதையைச் சொன்னா. பள்ளிக்கூடத்தில வெள்ளைப் பெடியள் அவவைச் சுத்தி நிண்டு ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பாடுவாங்களாம். அதுக்குப் பயத்தில காய்ச்சல் எண்டு பொய் சொல்லிப் படுத்திருப்பாவாம்.

நானும் என்ர கதையைச் சொன்னன். எண்பத்துமூண்டு கலவரத்தில கொழும்பில என்னை மறிச்சவங்கள். ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, இதுக்கு என்ன பேர் எண்டு கேட்டவங்கள். சிங்களத்தில அதைச் சரியா உச்சரிக்காட்டில் தமிழன் எண்டு பிடிபட்டிடும். நான் வேலை செய்த கடையில சிங்களப் பெடியளோட பழகினதால நாக்குப் பிரண்டு வந்துது. விட்டாங்கள். எனக்குப் பின்னால வந்த மனுசனுக்கு வரேல்ல தம்பி. அந்தாளின்ர முகம் இப்பவும் கண்ணுக்க நிக்குது. ஒரு சொல்லு. ஒரு சொல்லால ஒரு மனுசன் எரிஞ்சு போனான். இதைக் கேட்டு எவ்லின் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதுது. "எங்கட ரெண்டு பேருக்கும் தெரியும்" எண்டுது. ஒரு சொல்லு மனுசனை என்ன பாடு படுத்தும் எண்டு எங்களுக்குத் தெரியுமாம்.

பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கேட்டா, "அதுசரி, பிள்ளைக்கு நீங்கள் வைச்ச பேருக்கு என்ன கருத்து?"

செல்லம் எண்டன். என்ர கண்ணே, என்ர செல்லமே, அப்பிடி ஒரு சொல்லு எண்டு சொன்னன். பொய்யே அது? நான் அப்பிடித்தானே கூப்பிட்டனான்?

அவ சிரிச்சுப்போட்டு, "அப்ப நானும் காப்பிலியோ?" எண்டா.

ஓம் ஓம், நீங்களும்தான் எண்டன்.

கட்டிப்பிடிச்சுக் கன்னத்தில ஒரு கொஞ்சு தந்தா தம்பி. அண்டையில இருந்து அந்தச் சொல்லு அவவின்ர வாயை விட்டுப் போகேல்ல. மகனைக் கண்டால் காப்பிலி, பேத்தியைக் கண்டால் காப்பிலி. தேவாலயத்துச் சிநேகிதியளுக்கும் சொல்லிக் குடுத்திட்டா. போனை எடுத்தால், "நான் காப்பிலி எவ்லின் கதைக்கிறன்" எண்டு எனக்குப் பகிடி விடுவா.

என்ன, உமக்கு முகம் ஒரு மாதிரிப் போகுது? தண்ணி கிண்ணி வேணுமே?

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எவ்லின் வீட்டில எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு. நானும் மார்லனும் பிள்ளையும் முன்னமே போயிட்டம். துஷ்யந்தி வேலையால நேர வந்தவள். எவ்லின் கதவைத் திறந்து, ரெண்டு கையையும் விரிச்சு, "வா, என்ர காப்பிலி!" எண்டா.

துஷ்யந்தி சப்பாத்து ஒண்டைக் கழட்டினபடி அப்பிடியே நிண்டாள். ஒரு கால் சப்பாத்தோட. "மாமி, உங்களுக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?" எண்டாள். எவ்லின் சிரிச்சுக்கொண்டு என்னைக் காட்டினா. நானும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டன். மடையன் மாதிரி.

"அப்பா, அதுக்குக் கருத்து என்னெண்டு இவைக்குச் சொன்னீங்களா?" எண்டாள் தமிழில. செல்லம் எண்டு சொன்னனான் எண்டன். "செல்லமோ? நான் இவரைக் கட்டேக்க அம்மாவும் நீங்களும் குசினிக்க நிண்டு என்ன சொன்னனீங்கள்? காப்பிலியோட ஓடினவள் எண்டு ஊருக்குப் போன் அடிச்சது ஆர்? அதுவும் செல்லமோ?" எண்டாள். அவளுக்கு அது கேட்டிருக்கும் எண்டு நான் நினைக்கவே இல்லை.

பிறகு அவள் அவையளுக்கு விளங்கப்படுத்தினாள். எங்கட சொல்லுக்குச் சரியா அவையளின்ர பாசையில என்ன சொல்லோ, அதைச் சொன்னாள். அந்த அசிங்கமான சொல்லை. அந்த வெள்ளைப் பெடியள் பாடின சொல்லை. தம்பி, நான் சத்தியம் பண்ணிச் சொல்லுறன், அந்தச் சொல்லை என்ர வாயால ஒரு நாளும் சொன்னதில்லை. இங்கிலீசில ஒரு கூடாத சொல்லுக் கதைச்சறியேன் நான்.

எவ்லின் கத்தேல்ல. கத்தியிருந்தால் நல்லம். கையில இருந்த சாப்பாட்டுக் கோப்பையை மெல்லமா மேசையில வைச்சா. "நான் கேட்டனான்தானே, நானுமோ எண்டு" எண்டா. அவ்வளவுதான். அறைக்க போய்க் கதவைச் சாத்திப்போட்டா. தன்ர வீட்டில தானே போய் ஒளிச்சுக்கொண்டா.

மார்லன் என்ர கோட்டை எடுத்துக்கொண்டு வந்து தந்தான். போட்டும் விட்டான், என்ர கைக்கு ஏலாதெண்டு அவனுக்குத் தெரியும். ஆனா மாமா எண்டு சொல்லேல்ல. அடுத்த நாள் மண்டபத்துக்குப் போய்ப் பலகையைக் கழட்டிக்கொண்டு வந்தானாம். என்ர பேரை ஏன் கழட்டினனீங்கள் எண்டு பிள்ளை விக்கி விக்கி அழுதிருக்கிறாள். இதைத் துஷ்யந்தி போனில சொல்லி, "அவளுக்கு நான் என்னெண்டு சொல்லி விளங்கப்படுத்திறது, நீங்களே சொல்லுங்கோ" எண்டு கேட்டாள். நான் சொன்னன், நீ ஏன் பிள்ளைக்குச் சொல்லுறாய், சொல்லாட்டில் அவளுக்குத் தெரியவே போறேல்லையே எண்டு. போனை வைச்சிட்டாள். அதுக்குப் பிறகு எடுக்கிறாள் இல்லை.

எனக்குச் சோறு இறங்குதில்லை தம்பி. பள்ளிக்கூடத்துக்கு முன்பக்கம் மரத்துக்குப் பின்னால நிண்டு பாத்தன், கள்ளன் மாதிரி. பிள்ளை வாசலில நிண்டு அங்கயும் இங்கயும் பாக்கிறாள், என்ர குரல் வருமோ எண்டு. வாயைக் கையால பொத்திக்கொண்டு நிண்டன். எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பிள்ளை என்னை மறந்துபோடும். நான் வீட்டுக்க கிடந்து செத்தாலும் இவளுக்கு ஆரும் சொல்லமாட்டினம்.

என்ன கேட்டனீர்? கொழும்பில எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டவங்களோ?

பறத் தெமளோ, ஈனத் தமிழர் எண்டு கூப்பிட்டவங்கள். தெரியாதமாதிரிக் கேக்கிறீர். அதுக்கும் இதுக்கும் என்ன? அவங்கள் கொல்லுறதுக்குச் சொன்னவங்கள். நான் கொஞ்சுறதுக்குச் சொன்னனான். ஒண்டே ரெண்டும்? எத்தினை வயசு உமக்கு? நான் வேலை செய்த கடைச் சிங்கள முதலாளியும் இப்பிடித்தான் சொல்லுவான், நான் உன்னைத் தெமளா எண்டு கூப்பிடுறது அன்பிலயடா எண்டு. பதினைஞ்சு வருசம் அவனுக்குக் கீழ வேலை செய்தன், ஒரு நாளாவது எனக்கு அது…

அதை விடும். அது வேற கதை.

கோவியாதையும் தம்பி. கத்திப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும். நான் என்ன நினைச்சிருக்கிறன் எண்டால், இறங்கின உடன எவ்லினின்ர காலில விழுறது. மன்னிப்புக் கேக்கிறது. ஒரு கிழமையா இங்கிலீசில பாடமாக்கி வைச்சிருக்கிறன். பிழை என்ரதான், ஆனா நான் பிழையா நினைச்சுச் சொல்லேல்ல எண்டு. நீரும் என்னோட இறங்கி ஒரு வார்த்தை சொன்னீர் எண்டால் காணும். தமிழ்ப் பெடியன், படிச்ச பெடியன். "அன்ரி, தமிழில அது செல்லமாச் சொல்லுறதுதான்" எண்டு. அது மட்டும். நான் சொன்னால் நம்பமாட்டினம், நீர் சொன்னால் நம்புவினம். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

ஏன் தலையைக் குனியிறீர்? ஏலாதே? வேலைக்கு நேரம் போச்சோ?

சரி. சரி தம்பி. நான் பலவந்தப்படுத்தேல்ல. இனி அந்தச் சொல்லைச் சொல்லமாட்டன், முருகனாணை. ஆரணி எண்டு கூப்பிடுவன். ஆரணி. ஆரணி. பாரும், வருகுதுதானே வாயில.

இந்தா வருகினம்! ஊர்வலம்! இந்தப் பக்கத்தால, பஸ்ஸுக்குப் பக்கத்தாலயே வருகினம். தள்ளும் தம்பி, கொஞ்சம் தள்ளும், அந்த மேல் யன்னலைத் திறவும். எத்தினை பிள்ளையள்! எல்லாரும் ஒரே மாதிரிச் சேட்டு. எங்க, எங்க என்ர பிள்ளை? எவ்லின்! அங்க எவ்லின் வாறா, மஞ்சள் தொப்பி. ஒரு கையில கொடி, மற்றக் கையில பிள்ளையின்ர கை. அந்தா அந்தா, என்ர பிள்ளை. கடவுளே, மெலிஞ்சிட்டாள். இந்தப் பக்கம் பாக்கிறாள் இல்லை. போகப் போறாள் தம்பி, போகப் போறாள்… காப்பிலிக் குஞ்சு! காப்பிலிக் குஞ்சு!

திரும்பிட்டாள்! பாத்தீரே? இந்த மேளச் சத்தத்துக்கையும் திரும்பிட்டாள்! சிரிக்கிறாள். தாத்தா எண்டு கத்துறாள், கேக்குதே? எவ்லினும் திரும்பிட்டா. ரெண்டு பேரும் என்னைத்தான் பாக்கினம்.

ஏன் எவ்லின் கொடியை நிலத்தில போட்டிட்டா? ஏன் பிள்ளையை இழுத்துப் பிடிக்கிறா?

தம்பி, ஏன் பிள்ளையின்ர காதைப் பொத்துறா? ரெண்டு கையாலயும் இறுக்கிப் பொத்துறாவே. அவவுக்குத் தமிழ் தெரியாதே. அந்த ஒரு சொல்லைத் தவிர ஒண்டும் தெரியாதே.

வேண்டாம், மணியடியாதையும். இதில நான் இறங்கேல்ல. யன்னலைச் சாத்திவிடும் தம்பி. பஸ் போகட்டும்.